தூசு விழுந்த கண்ணும் உப்புக் கேட்கும் நாக்கும்

பெரும்போக அரிவு வெட்டு தொடங்கிவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கண் சிவந்து திரியும் ஆட்கள் கூடிவிடுவார்கள். நெற்கூரோ உமியோ பட்டதும் கை தானாகக் கண்ணைக் கசக்கப் போகும். அதைச் செய்யவே கூடாது. கருவிழிக்கு மேலே கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் விழிவெண்படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். கண்ணுக்குள் போகும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை அதனுடையது. உள்ளே இருக்கும் வில்லை மிச்சத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது. கசக்கினால் கூர் அந்தப் படலத்தைக் கீறும். கீறலுக்குள் பங்கசு புகுந்து புண்ணானால், ஆறிய பிறகும் வெள்ளைத் தழும்பு நிற்கும், பார்வை மங்கும்.

இதைவிட மோசமானது, போன முறை சிவப்பை மாற்றிய சொட்டு மருந்தைத் தேடி எடுத்து விடுவது. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்பும் நோவும் குறையும், சுகம் வந்த மாதிரி இருக்கும். பங்கசோ அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் வேண்டாம். கொதித்தாறிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, கண்ணை அடிக்கடி சிமிட்டுங்கள். அப்புறமும் நோவு நின்றால், வெளிச்சம் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கண்ணில் வெள்ளை தெரிந்தாலே கண்புரை என்று நினைப்பதும் தவறு. மூக்குப் பக்க ஓரத்திலிருந்து கருவிழிமேல் படரும் சதை, பல வருடம் வெயிலிலும் புழுதியிலும் நிற்பவர்களுக்கு வருவது. அது கண்ணின் மேற்பரப்பில் இருக்கிறது. கண்புரையோ கண்மணிக்குப் பின்னால், வில்லைக்குள். அதைச் சொட்டு மருந்தால் கரைக்க முடியாது, சத்திரசிகிச்சைதான் வழி.

நாக்குக்கு வருவோம். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று இடம் பிரித்த படம் பிழை; சுவையரும்புகள் இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். செத்தல் மிளகாயின் உறைப்பு சுவையரும்புக்கு எட்டுவதே இல்லை, அது நோவையும் சூட்டையும் உணரும் நரம்பின் வேலை.

வயதானவர்கள் கறி சப்பென்று இருக்கிறது என்றால் உப்பை அள்ளிப் போடாதீர்கள். அநேகமாக மங்கியிருப்பது மூக்கு. கறியின் மணம் வாய்க்குள்ளிருந்து தொண்டை வழியே மூக்குக்கு ஏறினால்தான் ருசி முழுதாகத் தெரியும். பிரஷர் உள்ள அம்மம்மாவுக்குத் தேசிக்காய்ப் புளியும் கறிவேப்பிலையும் கூட்டிக் கொடுங்கள். ருசி திடீரென்று போனது என்றால், அவர் குடிக்கும் குளிசைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள். சில மருந்துகளே ருசியைக் கெடுக்கும்.