வன்னியில் ஒலிப்பதிவு: சிறு கம்பனியின் மென்பொருளைத் தெரிவதும் பாவிப்பதும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒலிப்பதிவுக்கு மென்பொருள் தேடுபவர், அதில் எத்தனை வசதி உண்டென்று பார்க்கமுதல், இணையம் இல்லாத இடத்தில் அது திறக்குமா என்று பார்க்கவேண்டும். சந்தா முறையில் விற்கப்படும் மென்பொருள்கள் பல இடைக்கிடை இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும், முடியாவிட்டால் பூட்டிக்கொள்ளும். கூத்துக் களரிக்குப் பக்கத்தில் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது அப்படிப் பூட்டினால் அன்றிரவுப் பதிவு போனதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சிறு கம்பனிகள் சில உண்டு. கணினியில் பாட்டுக் கேட்கும் வினாம்ப் மென்பொருளைச் செய்த ஜஸ்டின் பிராங்கல், தன் கம்பனியை 1999இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையக் கம்பனிக்கு விற்றார். 2004இல் அங்கிருந்து விலகி, கொக்கோஸ் என்ற சிறு கம்பனியைத் தொடங்கினார். அதன் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம். நாள் கடந்தாலும் பூட்டாது. திறக்கும்போது சில விநாடி மறித்து, வாங்கச் சொல்லி நினைவூட்டும். சொந்தப் பாவனைக்கும், ஆண்டு வருமானம் 20,000 அமெரிக்க டொலருக்கு மேற்படாத தொழிலுக்கும் உரிமம் 60 டொலர். அதற்கு மேல் 225. இரண்டும் ஒரே மென்பொருள்தான். பாவிப்பவரைக் கள்ளனென்று எண்ணிப் பூட்டுச் செய்வதில் இவர்கள் மினக்கெடுவதில்லை. அப்படியிருக்க, கடையில் பூட்டுடைத்த கிராக் பிரதி வாங்கி வைரசையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவது வீண்வேலை.

ஏர்விண்டோஸ் இன்னொரு வகை. அதன் பிளகின்கள், அதாவது பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஒலியைத் திருத்தும் துணைநிரல்கள், இலவசம், மூலநிரலும் வெளிப்படை. படமோ மினுக்கமோ இல்லை, வெறும் நகர்த்திகள். பார்க்க அழகில்லை, ஆனால் பழைய லப்டொப் மூச்சுவாங்காது.

எதைத் தெரிந்தாலும் முதலில் ஒரு சோதனை: நிறுவி முடிந்ததும் வைபையை நிறுத்துங்கள். லப்டொப்பை மூடித் திறந்து, பத்து நிமிடம் பதிந்து, சேமித்து, திரும்பத் திறவுங்கள். எங்காவது கணக்கில் நுழையச் சொன்னால் அது வெளிவேலைக்கு ஆகாது.

ரீப்பரை நிறுவும்போது போர்ட்டபிள் என்ற தெரிவை இட்டால் பென் ட்றைவிலேயே குடியிருக்கும். உரிமக் கோப்பை ஒருமுறை காட்டினால் போதும், பிறகு இணையம் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட கணினியில் வைத்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பாவிக்கலாம்.

அமைப்பு: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். ஒரு மோனோ ட்ராக் மணிக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் எடுக்கும். அண்ணாவியார், மத்தளம், ஆர்மோனியம், களரி என நான்கு மைக் வைத்து ஆறு மணித்தியாலம் பதிந்தால் 12 கிகாபைட்டைத் தாண்டும். பென் ட்றைவ் பாட்32 (FAT32) என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பதிவை லப்டொப்பின் உள்வட்டுக்கே விடுங்கள்.

பஃபரை (buffer, ஒலியைத் துண்டுதுண்டாகச் சேர்த்துவைக்கும் இடைத்தேக்கம்) 256 மாதிரியில் வைத்தால் தாமதம் 5 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 1024க்கு ஏற்றுங்கள். அப்போது தாமதம் 21 மில்லிசெக்கன் ஆகும், பாடுபவருக்கு ஹெட்போனில் தன் குரல் பிந்திக் கேட்கும். மென்பொருள் வழியாகக் கேட்கவிடாமல், மைக்கை லப்டொப்போடு இணைக்கும் இடைமுகப் பெட்டியின் நேரடி மொனிற்றர் பொத்தானால் கேட்கவிடுங்கள்.

பதிவு மட்டத்தைக் குரலுக்கு வைத்துவிட்டு மத்தளத்தை மறப்பதுதான் வழக்கமான பிழை. ஒத்திகையில் மெல்ல அடிக்கும் கை, ஆட்டம் சூடேறியதும் இரண்டு மடங்கு விழும். உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் இடம் விடுங்கள். சிவப்பில் முட்டி உடைந்த ஒலியை எந்தப் பிளகினும் ஒழுங்காகத் திருத்தித் தராது. மைக்கை மத்தளத்தின் நடுவுக்கு எதிரே ஓரடி தள்ளி வைத்தால் இரு தலையும் சேர்ந்து கேட்கும்.

இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரோடு வரும் இரைச்சல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கரன்ட் போகும் இடத்தில் யூஎஸ்பியிலேயே மின் எடுக்கும் இடைமுகம் நல்லது: மேடை மிக்சர் செத்தாலும் லப்டொப் பற்றரி இருக்கும்வரை உங்கள் பதிவு ஓடும். பற்றரி ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காவிட்டால், காட்சி மாறும் இடைவெளிகளில் பதிவை நிறுத்தித் தொடங்குங்கள். இடையில் அறுந்தாலும் ஒரு துண்டுதான் சிக்கலில் மாட்டும். அறுந்த வேவ் (WAV) ஒலிக்கோப்பு திறக்காவிட்டாலும் அழிக்கவேண்டாம். தலைப்பகுதிதான் எழுதி முடியாமல் இருக்கும். ஒலி உள்ளே கிடக்கும், மூலத் தரவாகத் திறந்து மீட்கலாம்.

தகரக் கூரை அறையில் மழைக்கு மருந்தில்லை, நாளை மாற்றுங்கள். மின்விசிறி உறுமலுக்குக் குரல் ட்ராக்கில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வெட்டினால் போதும்.

முடிந்ததும் திட்டத்தைச் சேமிக்கும்போது எல்லா ஒலிக்கோப்பையும் அதே போல்டருக்குப் பிரதியெடுக்கும் தெரிவை இடுங்கள். இடாமல் திட்டக் கோப்பை மட்டும் கொண்டுபோனால் மற்றக் கணினியில் ட்ராக்குகள் வெறுமையாகத் திறக்கும். ஒவ்வொரு ட்ராக்கையும் தொடக்கத்திலிருந்து முழு நீளத்துக்குத் தனி வேவாகவும் எடுத்துவையுங்கள், வேறெந்த மென்பொருளிலும் வரிசை பிசகாமல் அடுக்கலாம். கோப்புப் பெயரில் திகதி, ஊர், மைக் இருந்த இடம் மூன்றும் இருக்கட்டும்.