கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் மோதிக்கொண்டால் அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கடற்கரை ஊர்களில் கால்பந்து ஊரின் மானத்தோடு பிணைந்த ஆட்டம். எனவே மின்னொளியில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் நடுவரின் ஒரு விசிலுக்காக ரசிகர்கள் கைகலப்பில் இறங்கினால், அதில் சம்பந்தமில்லாதவர்களும் சிக்கிக்கொள்ள நேரிடும்.

இரு ஊர் ரசிகர்களும் சந்திக்கும் எல்லையில் அமராமல், வெளியேறும் வழிக்கு அருகில், குறிப்பாகக் குழந்தைகளோடு வந்தால் கேலரியின் ஓரத்தில் இடம் பிடிப்பது நல்லது. பந்து ஒரு பக்கம் ஓட, கூட்டத்தின் தலைகள் வேறு பக்கம் திரும்பினால், கோஷத்தில் வீரரின் பெயர் போய் ஊரின் பெயர் வரத் தொடங்கினால், அப்போதே எழுந்துவிட வேண்டும். மீதி ஆட்டத்தின் முடிவை மறுநாள் டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

சண்டை மூண்டுவிட்டால் ஓடக் கூடாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களிடையே மோதல் வெடித்தபோது ஏற்பட்ட நெரிசலில் 16 பேர் இறந்தனர். அடியைவிட நெரிசல் கொடியது. கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து, அது நகரும் போக்கிலேயே சிறிது சிறிதாக ஓரத்திற்கு விலக வேண்டும். விழுந்துவிட்டால் பக்கவாட்டில் சுருண்டு, தலையையும் கழுத்தையும் கைகளால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

தனியாளாக விலக்கப் போவது வீரமல்ல. இரு தரப்புமே உங்களை மறு தரப்பாளராக எண்ணும். மைக் இருக்கும் இடத்திற்குச் சென்று கமிட்டியாரிடம் சொல்லுங்கள். பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவரோ ஒலிபெருக்கியில் பேசும்போது தணிகிற கோபம், லத்தியைக் கண்டு பல சமயம் கூடவே செய்யும். ஆனால் கல்லோ கத்தியோ வெளிப்பட்டால் தாமதிக்காமல் 112-ஐ அழைத்து, மைதானம் எந்த ஊரில் எந்தத் தேவாலயத்திற்கு அல்லது பள்ளிக்கு அருகில் உள்ளது, எத்தனை பேருக்குக் காயம் என்பதை மட்டும் தெரிவியுங்கள். யார் தொடங்கினார் என்ற வழக்கு அந்த அழைப்பில் வேண்டாம்.

மூக்கில் அடிபட்டு இரத்தம் வந்தால், நம்மவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது, இரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். உட்காரவைத்து, சற்று முன்னால் குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடமாடினாலும் நம்ப வேண்டாம். பிறகு வாந்தி, மயக்கம், உளறல் தென்பட்டாலோ, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் கசிந்தாலோ, 108 ஆம்புலன்ஸில் குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும்.

கைப்பேசியில் எடுத்த வீடியோவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். இரு இளைஞர்களின் சண்டையை இரு ஊர்ச் சண்டையாக மாற்றுவது பெரும்பாலும் அந்த அரை நிமிடக் காட்சிதான். மூலக் கோப்பை வெட்டாமல், அழிக்காமல் வைத்திருந்து, காவல்துறை கேட்டால் கொடுங்கள். பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். விசாரணையில் நீங்கள் சொல்வதைக் காவலர் எழுதிக்கொள்வார். அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திட வேண்டியதில்லை. பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்கக் கோரலாம்.

அன்றிரவே, நினைவு மங்குமுன், கண்ணால் கண்டதைத் தனியாகவும் பிறர் சொல்லிக் கேட்டதைத் தனியாகவும் எழுதி வையுங்கள். ஊர்க் கமிட்டி சமரசம் பேச அழைத்தால் செல்வதில் தவறில்லை. ஆயினும் கத்திக்குத்தோ தலைக்காயமோ நேர்ந்த வழக்கில், அங்கே எட்டிய உடன்பாட்டிற்காகக் காவல் நிலையத்தில் சொன்னதை மாற்றிச் சொல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள்.