அடாப்டர் பின் நுழைகிறது என்பதற்காகச் செருகாதீர்கள்

பாலக்கோட்டில் என் ரிப்பேர் மேஜைக்கு வரும் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ்களில் பல, வேறொன்றின் அடாப்டரைச் செருகியதால் போனவை. சில லேப்டாப் சார்ஜர்களின் பின் 12 வோல்ட் ரவுட்டருக்குள்ளும் தாராளமாக நுழையும். உள்ளே போவதோ 19 வோல்ட். பார்க்கவே வயிறு எரிகிறது.

முதலில் அடாப்டரின் முதுகில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் படியுங்கள். ‘இன்புட்’ வரியை விட்டுவிடுங்கள், அது சுவர் பக்கத்துக் கணக்கு. வோல்ட் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. 1 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடலாம். குறைந்தால் அடாப்டர் சூடேறிச் சாகும்.

எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பின்னின் துளைக்குள், கறுப்பு முனை வெளி உலோகத்தில். 12 என்று காட்டினால் நடுவில் பிளஸ். மைனஸ் 12 என்றால் தலைகீழ். பெரும்பாலான ரவுட்டர்களுக்கு அது ஆகாது. செங்கல் போலக் கனக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் 12 என்று எழுதியிருந்தும் 16 காட்டும். அதை நான் புதுப் பொருள் எதற்கும் போடுவதில்லை.

அப்புறம் டைப்-சி கேபிள். மறுமுனை பழைய அகலமான யுஎஸ்பி என்றால், எவ்வளவு ஆம்பியர் இழுக்கலாம் என்று போனுக்குச் சொல்லும் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளே இருக்க வேண்டும். சில மலிவு கேபிள்களில் 10 கிலோ ஓம் இருக்கும். அதைப் பார்த்து 3 ஆம்பியர் கிடைக்கும் என்று போன் நம்பி இழுக்கும். கம்ப்யூட்டர் போர்ட் தாங்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, நல்ல கேபிளாக வாங்குவதுதான் வழி. கழுத்தில் நைந்த கேபிளுக்கு டேப் சுற்றாமல் தூக்கிப் போடுங்கள்.

சித்திரை, வைகாசியில் மாங்காய் உதிர்க்கும் காற்று நம் பக்கம் அடிக்கும்போது இன்னொரு பயம்: நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, அறுவது. 230 வோல்ட் வரும் இடத்தில் 400 வரை ஏறலாம். பல்பு கண்கூச எரிந்து, ஃபேன் திடீரென்று வேகமெடுத்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். லைன்மேனுக்கோ மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கோ சொல்லுங்கள். சரிசெய்த பிறகும் டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வைத்து, ஒரு குண்டு பல்பை மட்டும் கொஞ்ச நேரம் எரிய விடுங்கள். அது வழக்கம்போல எரிந்தால் மற்றதை ஒவ்வொன்றாகப் போடலாம்.