துருவக் கப்பலேறும் கேமரா: சேலத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

அண்டார்க்டிகாவுக்குக் கப்பலில் போகத் திட்டமிடும் சேலத்து நண்பர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மைனஸ் நாற்பதில் கேமரா வேலை செய்யுமா?" என்பதுதான். அந்தப் பயத்தில் காசு தவறான இடத்தில் செலவாகிறது. சுற்றுலாக் கப்பல்கள் அங்கே போவது நவம்பரிலிருந்து மார்ச் வரை, அந்த ஊர்க் கோடையில். அவை போகும் அண்டார்க்டிக் தீபகற்பக் கரையோரத்தில் அப்போது வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இன்றைய கேமராக்கள் அதைத் தாங்கும். அவற்றைக் கெடுப்பது தண்ணீர். ரப்பர் படகில் தெறிக்கும் உப்புத் தண்ணீர், ஈரமான பனித்தூறல், அறைக்குள் நுழைந்ததும் லென்ஸில் படியும் நீர், இந்த மூன்றுக்கும்தான் தயாராக வேண்டும்.

கடைசியாகச் சொன்னது மழைக்காலத்தில் ஏற்காடு போகிறவர்களுக்குப் பழக்கமான சங்கதி. ஏசி போட்ட காரில் மலையேறி, ஏரிக்கரையில் இறங்கிக் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க மூட்டம். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டு நீராகப் படிகிறது. கப்பலில் இதுவே வேறு வழியாக நடக்கும்: வெளியே குளிர்ந்த கேமராவை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவரும்போது, நீர் உள்ளே சென்சார் பக்கம் வரை படியலாம். துடைத்துச் சரிசெய்ய முடியாது. வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா தப்பிக்கும். அறைச் சூட்டுக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை திறக்கக் கூடாது. படம் பார்க்கும் ஆசையில் உடனே திறப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

படகில் லென்ஸ் மாற்றுவது அடுத்த தவறு. இரண்டு கேமரா உடல்கள் இருந்தால் ஒன்றில் பரந்த காட்சிக்கு 24-105 மிமீ லென்ஸ், இன்னொன்றில் தூரத்துக்கு 100-400 மிமீ லென்ஸ் என்று கப்பலிலேயே பொருத்திக்கொண்டு இறங்கலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அன்றைக்கு ஒரே லென்ஸோடு போங்கள், நஷ்டமில்லை. கரை சேரும்வரை எல்லாம் நீர்புகாப் பைக்குள் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் உலர்த்துங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு விடும் வெளிச்ச அளவில் செய்யும் தவறு. அவ்வளவு தூரம் போய்விட்டுச் சாம்பல் நிறப் பனியோடு திரும்புகிறார்கள். காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலாக வைத்தே கேமரா கணக்குப் போடுகிறது. படச்சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அதையும் இருட்டாக்கிவிடும். இதைப் பழக நம் ஊரில் பனி வேண்டாம், சேகோ பேக்டரி களம் போதும். குச்சிக்கிழங்கு மாவும் ஜவ்வரிசியும் வெயிலில் காயும் ஒரு களத்தில் அனுமதி கேட்டு நின்று பாருங்கள். பலகையால் தள்ளிய இடத்தில் வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும். தானியங்கி முறையில் எடுத்தால் களமே மங்கலாக விழும். எக்ஸ்போஷர் திருத்தத்தைப் பிளஸ் ஒன்று வைத்தால் வெள்ளை வெள்ளையாகிறது. அளவுக்கு மேல் ஏற்றினால் அந்த வரிகள் அழிந்து வெறும் வெளுப்பு மிஞ்சும். பனிமேட்டின் மடிப்பும் இப்படித்தான் தொலைகிறது. ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைக் கேமராத் திரையில் பார்த்து நிறுத்தப் பழகுங்கள், பின்னால் திருத்த வசதியான RAW கோப்பாக எடுங்கள். மூக்கனேரியில் வெள்ளைக் கொக்கையும் கறுப்பு நீர்க்காகத்தையும் ஒரே சட்டத்தில் பிடித்துப் பார்த்தால், கறுப்பும் வெள்ளையுமான பென்குயின் அங்கே கஷ்டமாக இருக்காது. பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடி வரை போகவும் அங்கேயே கை பழகும். அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள். கப்பலின் பின்னால் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை வரும்போது பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டே எல்லாப் பொத்தான்களையும் திருகிப் பாருங்கள்.

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். இறங்கிப்போனதும் சூடேறினால் கொஞ்சம் மீளும். குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

"கிட்டப் போய் எடுத்துக்கொள்ளலாம், பெரிய லென்ஸ் எதற்கு" என்பது அண்டார்க்டிகாவில் ஓரளவு சரி. பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதுவே கிட்டத்தான். ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. 2025 முதல் அங்கே பனிக்கரடிக்கு 300 மீட்டர் தூரம் விட வேண்டும், மார்ச்சிலிருந்து ஜூன் வரை 500 மீட்டர். 400 மிமீக்குக் குறைந்த லென்ஸில் கரடி ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

பையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஏற்காட்டு காபித் தோட்டங்களில் சுற்றிய பையின் வெல்க்ரோவில் ஒட்டுப்புல் விதைகள் கட்டாயம் இருக்கும். அந்நிய விதை அண்டார்க்டிகாவில் விழக் கூடாது என்பதால் கப்பலில் பை, ட்ரைபாட், பாக்கெட் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். வீட்டிலேயே வேக்குவம் போட்டு, சிக்கியதை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பறவைக் காய்ச்சல் 2023இல் அந்தப் பக்கம் பரவியதிலிருந்து கரையில் மண்டியிடவும் பையைத் தரையில் வைக்கவும் அனுமதிப்பதில்லை. அதனால் ட்ரைபாடைவிடத் தோளில் மாட்டும் நல்ல வார் பயன்படும். ஆடும் கப்பலில் ட்ரைபாட் எப்படியும் உதவாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பொழுதுபோக்குக்குப் பறக்கவிட அங்கே அனுமதி இல்லை.

விலையுயர்ந்த சாமான் என்றால், கிளம்பும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது வரி பற்றிய பேச்சு வராது. சீரியல் எண்களைக் குறித்துக்கொண்டு, பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடியுங்கள். கேமராவும் உபரி லித்தியம் பேட்டரிகளும் எப்படியும் கைப்பையில்தான் போக வேண்டும்.