கிரானில் ஆர் தொகுப்பை வெளியிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் மொழியில் ஆய்வாளர்கள் எழுதும் நிரல்கள் தொகுப்புகளாக உலகெங்கும் சென்று சேரும் முதன்மையான இடம் கிரான். கர்ட் ஹோர்னிக், பிரிட்ஸ் லைஷ் ஆகிய இருவரும் 1997இல் வியன்னாவில் தொடங்கிய இந்தச் சேமிப்பகத்தில் இன்று 20,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், கட்டணமும் கிடையாது. ஆனாலும் முதன்முறையாக அனுப்புவோர் பலருக்குத் திருத்தம் கேட்கும் மின்னஞ்சலே பதிலாக வருகிறது. அதில் புள்ளியியல் முறையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதை மதிப்பிடுவது கிரானின் வேலையும் அன்று. முன்பின் அறியாத ஒருவரின் கணினியில் தன் நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எழுதியவர் யோசிக்காமல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

தன் கணினியில் பிழையின்றி ஓடியது என்ற ஒன்றை நம்பி அனுப்பிவிடுவது முதல் தவறு. கிரான் ஒவ்வொரு தொகுப்பையும் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவற்றில், ஆர் மொழியின் பழைய, நடப்பு, உருவாக்க நிலைப் பதிப்புகளில் சோதிக்கிறது. இன்டெல் செயலியில் ஆர் கூட்டுத்தொகையைக் கணக்கிடும்போது 80 பிட் துல்லியத்தைப் பயன்படுத்துகிறது. ஆப்பிளின் எம் வகைச் செயலிகளில் அந்த வசதி இல்லாததால் கடைசி இலக்கங்கள் சற்றே மாறக்கூடும். விடையை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும் சோதனை ஓரிடத்தில் தேறி இன்னோரிடத்தில் தோற்பது இதனால்தான். சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் 'ஆல் ஈக்குவல்' செயற்கூறு இதற்கென்றே இருக்கிறது. விண்டோஸ் கணினி கையில் இல்லாதவர்கள் வின்பில்டர் சேவையில் தொகுப்பை ஏற்றினால் முடிவு மின்னஞ்சலில் வந்துவிடும். அதைச் செய்யாமல் அனுப்புவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது பயனரின் கணினியில் அனுமதியின்றிக் கைவைக்கும் நிரல்களால். முடிவுகளைச் சேமிக்கும் செயற்கூறு ஒன்றை எழுதி, கோப்பின் பெயரை இயல்நிலை மதிப்பாகவே கொடுத்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பயனர் எதையும் குறிப்பிடாமல் அழைத்தாலும் அவருடைய நடப்பு அடைவில் ஒரு கோப்பு உருவாகும். அதே பெயரில் முன்பே வேறு கோப்பு இருந்தால் அது அழிந்தும் போகலாம். கிரான் இதை ஏற்பதில்லை. சேமிக்கும் இடத்தைப் பயனரே சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டுகளும் சோதனைகளும் தற்காலிக அடைவில் மட்டுமே எழுத வேண்டும். வரைபட அமைப்புகளையோ நடப்பு அடைவையோ மாற்றும் செயற்கூறு, மாற்றுவதற்கு முன்பே செயற்கூறு எப்படி முடிந்தாலும் ஓடும் 'ஆன் எக்ஸிட்' வழியாகப் பழைய நிலையை மீட்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்; இறுதி வரியில் மீட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், நடுவில் பிழை நேரும்போது அந்த வரி ஓடவே ஓடாது. கேட்காமல் வேறு தொகுப்புகளை நிறுவுவதும் கூடாது. சோதனைக் கணினிகள் எல்லாருக்கும் பொதுவானவை என்பதால், ஒரே நேரத்தில் செயலியின் இரண்டு கருக்களுக்கு (கோர்) மேல் பயன்படுத்தவும் தடை உண்டு.

எடுத்துக்காட்டுகள் ஓடுவதற்கு நேரமெடுக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் 'டோன்ட்ரன்' குறிக்குள் அடைப்பது இன்னொரு பழக்கம். உண்மையிலேயே ஓட்ட முடியாத நிரலுக்கே அந்தக் குறி உரியது. நேரமெடுப்பவற்றுக்கு 'டோன்ட்டெஸ்ட்' இருக்கிறது. ஆர் 4.0.0 பதிப்பிலிருந்து கிரான் பாணிச் சோதனை இந்த இரண்டாவது வகையையும் ஓட்டிப் பார்ப்பதால், பிழையுள்ள நிரலை அதற்குள் ஒளித்துவைக்கவும் வழியில்லை. சில நொடிகளில் முடியும் சிறிய தரவைக் கொண்டு எடுத்துக்காட்டை எழுதுவதே நல்லது.

தொகுப்பின் பெயர், ஆசிரியர், விளக்கம் முதலியவற்றைத் தாங்கும் விவரக் கோப்பில் நேரும் பிழைகள் சிறியவை: விளக்கத்தை 'இந்தத் தொகுப்பு' என்று தொடங்குவது, ஆய்வுக்கட்டுரையின் டிஓஐ அடையாள எண்ணைக் கோண அடைப்புக்குறிக்குள் இடாமல் விடுவது போன்றவை. தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஆசிரியர் பெயர். பெயருக்குரிய இடத்தில் செல்வி என்றும் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் தந்தையின் முதலெழுத்தான கே என்றும் இட்டால், மேற்கோள் செயற்கூறு குடும்பப் பெயரை முன்னிறுத்தி, இயற்பெயரைச் சுருக்கி, 'கே எஸ்' என்று அச்சிட்டுவிடும். கட்டுரைகளில் எந்தப் பெயரால் அறியப்பட விரும்புகிறீர்களோ, அதையே குடும்பப் பெயராக இடுங்கள்.

உரிமம் அவ்வளவு எளிய விஷயமன்று. தொகுப்பை என்றென்றும் வழங்கும் உரிமையைக் கிரானுக்கு அது தர வேண்டும் என்பதால், வெளியிட்ட பிறகு மனம் மாறிப் பயனில்லை. பல்கலைக்கழகமோ நிறுவனமோ சம்பளம் கொடுத்து எழுதவைத்த நிரலென்றால், பதிப்புரிமை யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வேறொருவர் சி மொழியில் எழுதிய நிரலைத் தொகுப்பில் சேர்த்திருந்தால், அவர் பெயரைப் பதிப்புரிமையாளராகக் குறிப்பிடாமல் விடுவது பெரிய பிழை.

தொகுப்பு ஏற்கப்பட்டதும் வேலை முடிந்ததென்று நினைப்பவர்களுக்குச் சிக்கல் பிறகு வருகிறது. முனைவர் பட்ட மாணவர் தன் பல்கலைக்கழக முகவரியைக் கொடுக்கிறார். பட்டம் பெற்றதும் அது செயலிழக்கிறது. கிரான் அனுப்பும் எச்சரிக்கை திரும்பிப் போகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொகுப்புகூட இதனால் நடப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, காப்பகத்துக்குத் தள்ளப்படலாம். நிலையான தனிப்பட்ட முகவரியைக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். உங்கள் தொகுப்பை நம்பி வேறு தொகுப்புகள் இருந்தால், செயற்கூறுகளின் போக்கை மாற்றுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அவற்றின் பராமரிப்பாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். புவியியல் தரவுக்கான ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் ஆகிய மூன்றும் 2023 அக்டோபரில் கிரானிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைப் பராமரித்த ரோஜர் பிவண்ட் அதை வெகுமுன்பே அறிவித்து, எஸ்எஃப், டெர்ரா போன்ற மாற்றுகளுக்குப் பயனர்களை நகர்த்தியிருந்தார். ஓய்வுபெறும் தொகுப்பை இப்படித்தான் வழியனுப்ப வேண்டும்.

திருத்தி மீண்டும் அனுப்பும்போது பதிப்பு எண்ணை உயர்த்துங்கள். கேட்ட ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று குறிப்பில் எழுதுங்கள். அனுப்பியதைச் சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால், நிலைபெற்ற தொகுப்பை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் புதுப்பிக்க வேண்டாம் என்பது கிரானின் வேண்டுகோள். முதல் சமர்ப்பிப்பில் 'புதிய சமர்ப்பிப்பு' என்றொரு குறிப்பு சோதனை முடிவில் தோன்றும். அது பிழையன்று, நீக்க முயலாமல், புதிய தொகுப்பு என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.