கணவன் அல்லது மனைவிக்கான விசா விண்ணப்பத்தில் கல்யாணம் உண்மையானது என்று காட்டுவது எப்படி?

திருமணச் சான்றிதழ் கல்யாணம் நடந்ததைத்தான் சொல்லும், சேர்ந்து வாழ்வதைச் சொல்லாது. விசா அதிகாரி தேடுவது சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரத்தைத்தான். அதனால் இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், துணையை நாமினியாகப் போட்ட காப்பீடு, கூட்டு வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முதலில் வையுங்கள். கணக்கைச் சும்மா திறந்து வைத்தால் பயனில்லை, மாதாமாதம் வாடகையும் மின்கட்டணமும் அதிலிருந்து போயிருக்க வேண்டும். பிரிந்து இருக்கிறீர்களா? சரி, விமானச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, அப்புறம் தேதி தெரிகிற வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், மாதத்துக்கு ஓரிரண்டு. 500 கல்யாணப் படங்களைக் கொட்டாதீர்கள். வெவ்வேறு காலத்தில் இரு வீட்டாரோடும் எடுத்த 20 படங்கள், கீழே தேதி, இடம், யார் யார் என்ற குறிப்போடு இருந்தால் நல்லது. முதலில் சந்தித்தது மார்ச் என்று ஒருவரும் மே என்று மற்றவரும் எழுதினால் உண்மையான தம்பதிக்கும் சிக்கல்தான், அனுப்புமுன் இருவரும் உட்கார்ந்து படிவங்களை வரி வரியாக ஒப்பிடுங்கள்.