கிழக்கைப் பார்த்து நிற்காதீர்கள்: பேகன் சூரிய வணக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் பிறக்கும் வேளையில், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கானோர் சூரியனுக்காகக் காத்து நிற்பார்கள். பழங்காலப் பூசாரிகளின் பெயரை ஏற்ற இன்றைய ட்ரூயிட்கள், இயற்கையை வணங்கும் விக்கா என்ற நவீன சமய வழியினர், எந்தக் குழுவிலும் சேராமல் தனியே வழிபடுபவர்கள் எல்லோரும் அதில் உண்டு. கிறிஸ்தவத்துக்கு வெளியே பழைய தெய்வங்களை வழிபடுவோரைக் குறித்து, ஒரு காலத்தில் இழிசொல்லாக இருந்த ‘பேகன்’ என்பதை இவர்களில் பலர் இன்று விரும்பி ஏற்றிருக்கிறார்கள். அந்த விடியலில் அங்கே கலந்துகொள்ளவோ, பக்கத்துக் குன்றில் நீங்களே இதைச் செய்யவோ எண்ணியிருந்தால், முதலில் திசையைச் சரிபாருங்கள்.

‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்ற நம்பிக்கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நேர்கிழக்கே பார்த்து நிற்பதுதான் பெரிய தவறு. சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டித்தான். சென்னையில் ஜூன் மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி எழும். தென் இங்கிலாந்தில் அந்த விலகல் 40 பாகை. அதாவது வடகிழக்கு மூலை. ஸ்டோன்ஹெஞ்சில் வட்டத்துக்கு வெளியே தனித்து நிற்கும் ஹீல் கல் இருக்கும் பக்கம் அதுவே. ஆகவே முந்தைய நாள் விடியலிலேயே போய் எந்த மரத்துக்கு, எந்தக் கூரைக்கு மேலே ஒளி வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அங்கே சூரிய உதயம் காலை 4.50 வாக்கில். அட்டவணையில் வரும் நேரம் தடையில்லாத அடிவானத்துக்கானது. எதிரே மேடு இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

நாளிலும் இதே பிழை நடக்கிறது. நெடும்பகல் பெரும்பாலும் ஜூன் 21, சில ஆண்டுகளில் 20. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் உதிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி நகர்வதே இல்லை. கூட்டம் ஒத்துவராதவர்கள் இரண்டு நாள் தள்ளி ஏவ்பரியின் கல்வட்டத்தில் நின்றாலும் குறை ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் அமைதிக்காகவே அதைத்தான் சொல்வேன்.

வட்டமாகச் சுற்றும்போது சூரியன் போகும் வழியில் சுற்றுவது வழக்கம். நம் ‘வலம் வருதல்’ அப்படியே பொருந்தும். ஆஸ்திரேலியாவிலிருந்து செய்பவர்கள் இங்கிலாந்துப் புத்தகத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே சூரியன் வடக்கு வானில் இடமாகச் செல்கிறது, நெடும்பகலும் டிசம்பரில்தான்.

படையலில் கவனம் இன்னும் அதிகம் தேவை. கடையில் வாங்கிய வெளிநாட்டுத் தேனைப் புல்லில் ஊற்றாதீர்கள். தேனீப் புழுக்களைக் கொல்லும் நோயின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். அதை உண்ணும் தேனீக்கள் கூட்டுக்கே கொண்டுபோய்விடும். உப்பு மண்ணைக் கெடுக்கும். நைலான் நாடாவை மரக்கிளையில் கட்டினால் கிளை பருக்கும்போது அது இறுகும். ஒரு வாய்த் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி, அதையும் உடன் நிற்பவர்களோடு பகிர்ந்து உண்டால் போதும். மெழுகுவத்தியை நம்பிச் சடங்கைத் திட்டமிடவும் வேண்டாம். ஸ்டோன்ஹெஞ்சில் அன்று நெருப்புக்கு அனுமதி இல்லை. மதுவுக்கும் கண்ணாடிப் பொருளுக்கும் இல்லை. கற்கள் மேல் ஏறுவது எல்லாவற்றையும்விடப் பெரிய அவமரியாதை. 1985இல் காவல்துறையோடு மோதல், பல ஆண்டுத் தடை என்றெல்லாம் கடந்து, 2000 முதல்தான் அந்த விடியலில் மக்கள் மறுபடி வட்டத்துக்குள் கூட முடிகிறது. அதைக் கெடுக்கும் ஆளாக நாம் இருக்கக் கூடாது.

‘ஐயாயிரம் ஆண்டாக மாறாமல் வரும் ட்ரூயிட் மந்திரம்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 வாக்கில். ரோமானியர் எழுதிவைத்த பழைய ட்ரூயிட் பூசாரிகள் அதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் பிற்பட்டவர்கள். கற்களையும் ட்ரூயிட்களையும் இணைத்துப் பேசியவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பழம்பொருள் ஆய்வாளர்கள் ஆப்ரியும் ஸ்டூக்லியும். பேகன்கள் பின்பற்றும், எட்டு விழாக்கள் கொண்ட ஆண்டுச் சக்கரம் இன்றைய வடிவம் பெற்றது 1950களில். நெடும்பகல் உதயத்தை நோக்கும் கற்களின் அச்சின் மறுமுனையோ நடுக்குளிர்கால அந்தியைச் சுட்டுகிறது; பக்கத்திலுள்ள பழங்காலக் குடியிருப்பான டரிங்டன் வால்ஸில் கிடைத்த பன்றி எலும்புகளும் குளிர்கால விருந்தையே காட்டுகின்றன. சடங்கு புதிது என்பதால் அதன் மதிப்பு குறையாது. பொய் வயது சொன்னால்தான் குறையும்.

சூரியன் சிவப்பாக இருக்கிறதே என்று உற்றுப் பார்க்காதீர்கள். நிமிடங்களில் ஒளி கூடிக் கண்ணைக் காயப்படுத்தும். முகத்தில் வெளிச்சம் பட, இமைகளை மூடி நில்லுங்கள்.

மேகம் மூடியிருந்தால் பலர் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். வானம்பாடிகள் பாடத் தொடங்கியிருக்கும், புல்லின் நிறம் சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கும், சூரியன் வந்துவிட்டது. சொல்ல நினைத்ததை அப்போது சொல்லுங்கள். பிறகு குப்பையைப் பொறுக்கிக்கொண்டு, இரவு முழுக்க விழித்திருந்தால் காரை எடுக்கும் முன் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள்.